திண்ணையிலிருந்து வாட்ஸ்அப்புக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மே மாதம் பிறந்துவிட்டால் கல்லூரிகளில் ஒரே பேச்சுதான்: அட்மிஷன். 2025-இல் மே 8-ஆம் தேதி பிளஸ் டூ முடிவு வந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான இணையப் பதிவோ அதற்கு முதல் நாளே தொடங்கிவிட்டது. மதிப்பெண் வந்து விழுகிற அதே கைப்பேசியில்தான் கல்லூரிகளின் செய்திகளும் வந்து விழுகின்றன. அந்தச் செய்திகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இருபது வருடங்களுக்கு மேல் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் கற்பித்தேன். கடைசிச் சில வருடங்கள் சேர்க்கைக் குழுவின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் எங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் கேன்வாசிங்தான். நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு, இரண்டு இரண்டு பேராக ஊர் ஊராகப் போவோம். வெயிலில் வந்திருக்கிறோமே என்று திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுப்பார்கள். நோட்டீஸை யாரும் பெரிதாகப் படிப்பதில்லை. ஃபீஸ் எவ்வளவு, தவணையில் கட்டலாமா, பஸ் வருமா, ஹாஸ்டலில் பெண்பிள்ளையை நம்பி விடலாமா, படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பார்கள். நாங்கள் பதில் சொல்வோம். அந்தப் பதிலை வைத்துத்தான் பிள்ளை எங்கே சேர்வது என்று முடிவாகும்.

2018-இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அதுவரை அப்பாவும் பிள்ளையும் சென்னைக்கு பஸ் ஏறுவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்போது அந்த முடிவு வீட்டுக் கூடத்திலேயே கைப்பேசியைப் பார்த்து எடுக்கப்படுகிறது. அதனால் கல்லூரிகளும் கைப்பேசிக்குள் போய்விட்டன. அது சரிதான். ஆனால் நோட்டீஸைக் கொண்டுபோன வேகத்தில், திண்ணைப் பேச்சைப் பல கல்லூரிகள் வெளியிலேயே விட்டுவிட்டன.

ஒரு ஜூன் மாதம் நடந்தது இது. கல்லூரியின் வாட்ஸ்அப் எண்ணைக் கவனிக்கிற வேலை ஒரு வெளி நிறுவனத்திடம் இருந்தது. அது எங்கள் கைக்கு வந்தபோது, பழைய செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். ஒரு தந்தை மூன்று நாளில் மூன்று முறை பேசி அனுப்பியிருந்தார். "மேடம், எங்க ஊருக்கு காலேஜ் பஸ் வருமா? காலையில எத்தனை மணிக்கு?" மூன்று முறையும் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரே தானியங்கிப் பதில் போயிருந்தது. அதே மூன்று நாளும் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், வளாகத்தை டிரோனில் எடுத்த காட்சிகள் பாட்டோடு ஓடிக்கொண்டிருந்தன. நான் கூப்பிட்டபோது, மகளை வேறு கல்லூரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் பஸ் அவர் ஊர் வழியாகத்தான் போகிறது.

அடுத்த வருடம் நாங்கள் முதலில் செய்த வேலை, ஒவ்வொரு பஸ் தடத்தையும் ஒரு படமாகப் போட்டதுதான். நிறுத்தங்களின் பெயர் தமிழில், நேரம் பெரிய எழுத்தில், கீழே பேசுவதற்கு ஓர் ஆசிரியரின் பெயரும் கல்லூரி எண்ணும். செலவு என்று ஒன்றும் இல்லை. அந்தப் படம் ஊர்க் குழுக்களிலும் மகளிர் சுய உதவிக் குழு வாட்ஸ்அப்களிலும் தானாகவே சுற்றியது. அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர்கள், டிரோன் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்களைவிட மிக அதிகம்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். அம்மா அப்பா வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் இருக்கிறார்கள். அக்காவோ சித்தப்பாவோ கூகுள் மேப்பில் கல்லூரியைத் தேடி, கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கிறார்கள். அங்கே ஒரு மாணவன் 'ஹாஸ்டலில் தண்ணீர் வருவதில்லை' என்று எழுதியிருந்தால், பொய்யாகப் பத்துப் பாராட்டு எழுத வைப்பது எளிது. தண்ணீரைச் சரிசெய்துவிட்டு, சரிசெய்துவிட்டோம் என்று அதன் கீழேயே பதில் எழுதுவதுதான் முறை. வாசிக்கிறவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கலந்தாய்வு பற்றிச் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்களை நான் மிகவும் மதிக்கிறேன். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவது எப்படி, சாய்ஸ் ஃபில்லிங்கில் எந்த வரிசையில் கல்லூரிகளை அடுக்குவது, முந்தைய வருடக் கட்-ஆஃபை எங்கே பார்ப்பது, இதெல்லாம் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற வீட்டுக்குப் பெரிய மலை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதுகூடத் தெரியாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. ஒரு கல்லூரி தன் பெயரைக் கடைசியில் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, இவற்றைப் பொறுமையாக விளக்கினால், அந்த வீட்டில் அந்தப் பெயர் மறக்காது.

அப்புறம், இந்த '100 சதவீத வேலைவாய்ப்பு'. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். போஸ்டரில் பெரிய சம்பளம் வாங்கிய ஒரு மாணவரின் படம் இருக்கும். அவர் எந்தத் துறை, எந்த வருடம், அதே வகுப்பில் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று இருக்காது. இப்படிச் சொல்கிறவர்கள் ஆதாரம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் விதிமுறையே சொல்கிறது. பெற்றோர்களே, மத்திய அரசு வெளியிடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தின் நடு மதிப்பு, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிற தொகை, என்ன என்று அதிலேயே இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கல்லூரி அதைத் தமிழில் ஒரு படமாகவே போட்டு அனுப்பும். நூற்றில் அறுபது பேருக்கு வேலை என்றால் அறுபது என்றே போடட்டும். மீதி நாற்பது பேருக்கு என்ன பயிற்சி கொடுக்கிறோம் என்று அடுத்த வரியில் எழுதட்டும்.

இன்னொன்று என்னை உண்மையாகவே வருத்துகிறது. பிளஸ் டூ பிள்ளைகளின் பெயரும் கைப்பேசி எண்ணும் பட்டியல் பட்டியலாக விலைக்கு வருகின்றன. எங்களிடமும் ஒருவர் கொண்டுவந்து காட்டினார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். ஒரே நாளில் முப்பது அழைப்பு வந்து, எடுக்கவே பயந்து கைப்பேசியை அணைத்து வைத்த பெண் ஒருத்தி என் வகுப்பிலேயே பின்னால் சேர்ந்தாள். பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது தேவையா? தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. படிப்படியாக நடைமுறைக்கு வருகிற அந்தச் சட்டத்தின் கணக்கில் 18 வயது நிறையாதவர் குழந்தைதான். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் அவர்களின் தரவைக் கையாளக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் அனுப்பக் கூடாது என்கிறது அது. கல்லூரி நிர்வாகிகள் இதை இப்போதே படித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர்களுக்கு 'ஆளுக்கு இத்தனை அட்மிஷன்' என்று இலக்கு வைத்து, தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடச் சொல்வதும் நிற்க வேண்டும். வற்புறுத்திப் போட வைத்த ஸ்டேட்டஸை யாரும் நம்புவதில்லை. அதற்குப் பதிலாக, இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கைப்பேசியைக் கொடுத்துவிடுங்கள். மெஸ்ஸில் இன்று என்ன சாப்பாடு, நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, ஆய்வகத்தில் என்ன செய்கிறோம் என்று அவர்களே எடுக்கட்டும். கை ஆடினால் ஆடட்டும், திருத்த வேண்டாம். எங்கள் கல்லூரியில் ஒரு மாணவி தன் ஊரிலிருந்து பஸ் ஏறி வகுப்புக்கு வந்து சேர்கிற வரை ஒரு நிமிட வீடியோ எடுத்தாள். அவளுடைய பள்ளியிலிருந்து அடுத்த வருடம் வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம் என்றார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். ஃபீஸ் கட்டி ரசீது வாங்கிய மறுநாளே கல்லூரியிடமிருந்து செய்திகள் நின்றுபோகும். வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கும். பிள்ளைக்குப் பயம் வருகிற மாதம் அதுதான். ஆங்கிலத்தில் பாடம் புரியுமா, சீனியர்கள் எப்படி இருப்பார்கள், என்ன உடுத்திக்கொண்டு போவது என்று ஆயிரம் யோசனை. நாங்கள் அந்த மாதத்தில் வாரம் ஒரு குரல் பதிவு அனுப்பினோம். துறைத் தலைவர் ஒரு வாரம், ஹாஸ்டல் காப்பாளர் ஒரு வாரம், தமிழ் வழியில் படித்து வந்த இறுதியாண்டு மாணவர் ஒரு வாரம். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை, ஒவ்வொரு தடத்துக்கும் பஸ் ஓட்டுநரே பேசி அனுப்பினார்: "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு உங்க ஸ்டாப்புல இருப்பேன். அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் நிப்பேன், பதறாம வாங்க."

நன்றி, வணக்கம்.