பக்கவாதத்துக்குப் பின் வரும் தசை இறுக்கம்

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதத்தின் அறிகுறிகள் எவை, எத்தனை மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைய வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நோயாளி பிழைத்து வீடு திரும்பி, சில வாரங்களோ சில மாதங்களோ கழிந்த பிறகு தலைகாட்டும் ஒரு சிக்கலைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, பாதம் உட்புறமாகத் திரும்பி விறைத்துக்கொள்ளும் தசை இறுக்கமே அது. அதைக் குறைக்கும் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகள் எதைக் காட்டியிருக்கின்றன, எதைக் காட்டவில்லை என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

பக்கவாதம் தாக்கிய முதல் நாட்களில் கையும் காலும் பெரும்பாலும் துவண்டு கிடக்கும். தூக்கிவிட்டால் தொப்பென்று விழும். பிறகு மெல்ல மெல்ல இறுக்கம் ஏறும். தாமஸ் டுவிட்செல் என்ற மருத்துவர் 121 நோயாளிகளைக் கவனித்து 1951-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வரிசையைத் தெளிவாகப் பதிவு செய்தது. முதலில் துவளல், பிறகு இறுக்கம், அந்த இறுக்கத்தின் ஊடாகக் கை முழுவதும் சேர்ந்து மடங்கும் அசைவு, அதன் பிறகுதான் ஒவ்வொரு மூட்டும் தனித்தனியே இயங்கும் அசைவு. ஆகவே இறுக்கம் வருவதைப் பார்த்ததும் நோய் முற்றிவிட்டது என்று குடும்பத்தார் கலங்க வேண்டியதில்லை. சிலருக்கு அது மீட்சியின் ஒரு கட்டம்; வேறு சிலருக்கோ மீட்சி அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், சில ஆய்வுகளின் கணக்கில் ஐந்தில் இருவருக்கும், முதல் ஓராண்டுக்குள் இது ஏற்படுகிறது.

மூளையில் அடிபட்டதற்குத் தசை ஏன் இறுக வேண்டும்? தசையைச் சட்டென்று இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். இது தண்டுவடம் தானாகவே நடத்தும் அனிச்சைச் செயல். நலமாக இருக்கும்போது மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புப் பாதைகள் இந்த அனிச்சையை அடக்கி வைத்திருக்கின்றன. பக்கவாதத்தில் அந்தப் பாதைகள் சேதமடைவதால் அடக்குவாரின்றி அனிச்சை மிகைப்படுகிறது. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் தந்த வரையறை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் மையக் கருத்து வேகம். மெதுவாக நீட்டினால் எதிர்ப்பு குறைவு. வேகமாக நீட்டினால் எதிர்ப்பு கூடுதல். மூடிய கையைக் கழுவிவிட முயலும் குடும்பத்தார் இதை அன்றாடம் காண்கிறார்கள். விரல்களைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கை இன்னும் இறுக மூடிக்கொள்ளும். அப்படிச் செய்யாமல், முதலில் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்குங்கள். பிறகு பெருவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்கள் பெரும்பாலும் தளர்ந்து வரும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து செல்வதால், மணிக்கட்டை மடக்கும்போது அவற்றின் இழுவிசை குறைகிறது என்பதே இதற்குக் காரணம்.

ஆனால் இறுக்கம் முழுவதும் நரம்பிலிருந்து வருவதன்று. வாரக்கணக்கில் சுருங்கிய நிலையிலேயே இருக்கும் தசை நீளத்தில் குறுகி, நார்த்தன்மை கூடி, கடைசியில் மூட்டே நிலையாக மடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிரயன் ஆஷ்வொர்த் 1964-இல் வகுத்து, 1987-இல் திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோல்தான் உலகெங்கும் அதிகம் பயன்படுகிறது. கையை நீட்டிப் பார்த்து, எதிர்ப்பு எவ்வளவு என்று பூஜ்யம் முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். எளிமையானது, ஆனால் நரம்பின் பங்கு எவ்வளவு, தசைக் குறுக்கத்தின் பங்கு எவ்வளவு என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. டார்டியூ அளவுகோலில் ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் நீட்டி, எந்தக் கோணத்தில் தடை எழுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். சற்று நேரம் பிடிக்கும் முறைதான். ஆனாலும் ஊசி போடுவதற்கு முன் அந்த நேரத்தைச் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து. குறுகிப்போன தசையை எந்த ஊசியும் நீளமாக்காது.

நான் குறிப்பிடும் ஊசி போட்டுலினம் டாக்சின். முகச் சுருக்கத்தைப் போக்கும் போடாக்ஸ் என்று பலரும் அறிந்த அதே மருந்து. தசைக்குக் கட்டளையைக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து வெளியேறுவதை இது தடுக்கிறது. கட்டளை வந்து சேராததால் தசை தளர்கிறது. சில நாட்களில் பலன் தொடங்கி, சில வாரங்களில் உச்சத்தை எட்டி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மறைந்துவிடும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டும் விரல்களும் இறுகிய 126 பேருக்கு இந்த மருந்தையோ மருந்தில்லாத வெறும் ஊசியையோ செலுத்தி ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு இறுக்கம் தெளிவாகக் குறைந்தது. மருந்து தசையைத் தளர்த்துகிறது என்பதில் அதன் பிறகு பெரிய ஐயம் இல்லை. தளர்ந்த கை வேலை செய்யுமா என்ற கேள்விதான் மிஞ்சி நின்றது.

பிரிட்டனில் 333 பேரைக் கொண்டு நடந்து 2011-இல் வெளியான ஆய்வு அதற்கு விடை தேடியது. ஊசியும் பயிற்சியும் பெற்றவர்களை, பயிற்சி மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, ஒரு பொருளை எடுத்து வைப்பது போன்ற செயல்திறனில் ஒரு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உள்ளங்கையைச் சுத்தம் செய்வது, சட்டையின் கைக்குள் கையை நுழைப்பது ஆகியவை எளிதாயின. இதைக் கேட்டு, இவ்வளவுதானா என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. மூடியே கிடக்கும் கைக்குள் நகம் வளர்ந்து, தோலில் பதிந்து, வியர்வையில் புண்ணாகி நாற்றமடிப்பதைப் பார்த்தவர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் ஊசிக்கு முன்பே மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து, எதற்காக இந்த ஊசி என்று பேசி முடிவு செய்துவிட வேண்டும். நகம் வெட்டுவதற்கா, வலி குறைவதற்கா, பாதம் தரையில் பதிந்து நடப்பதற்கா? குறிக்கோள் இல்லாமல் போட்டுக்கொண்டால், கை தளர்ந்தும் பயன் இல்லையே என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும். சில சமயம் இறுக்கத்தைத் தொடாமலிருப்பதே மேல். பலமில்லாத கால் விறைப்பாக இருப்பதால்தான் ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றால், அந்த விறைப்பைக் குறைத்த மறுநாள் அவர் விழுவார்.

மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேக்லோஃபெனும் டைசானிடினும் உடல் முழுவதும் வேலை செய்பவை. ஒரு கைக்காகச் சாப்பிட்டாலும் நல்ல பக்கமும் தளரும், தூக்கக் கலக்கமும் வரும். பேக்லோஃபெனை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். இறுக்கம் பரவலாகவும் கடுமையாகவும் இருப்பவர்களுக்கு, வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த சிறு பம்பின் வழியாக அதே மருந்தைத் தண்டுவட நீருக்குள் நேரடியாகச் செலுத்தும் முறையும் உண்டு.

மருந்தைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஒரே சீராக இருந்த இறுக்கம் திடீரென்று அதிகரித்தால், உடலில் வேறெங்கோ தொல்லை இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுக்கமான காலணி, இவற்றில் எதுவும் அதைத் தூண்டும். நோயாளிக்கு அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, தசைதான் சொல்லும்.

பயிற்சியைப் பற்றி நெடுங்காலமாக நிலவும் சில நம்பிக்கைகளை ஆய்வுகள் அசைத்திருக்கின்றன. பலத்தோடு உழைத்தால் இறுக்கம் கூடும் என்ற அச்சம் அவற்றில் ஒன்று; வலுப்பயிற்சி இறுக்கத்தைக் கூட்டுவதில்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆனால் ஏற்கெனவே மூடிக்கொள்ளும் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து நாளெல்லாம் அமுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கைக்கு மூடத் தெரியும். பிடித்ததை விடத்தான் தெரியாது. தசையை நீட்டிவிடும் பயிற்சியைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஏழு மாதங்களுக்குக் குறைவாகச் செய்யப்படும் நீட்டுதலால் மூட்டின் அசைவெல்லை குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்ற முடிவுக்கு வந்தது. நீட்டிவிடுவதையே முழுச் சிகிச்சையாகக் கொள்ளும் வழக்கத்தை அந்த முடிவு கேள்விக்கு உள்ளாக்குகிறது.

எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்துக்கும் வரம்பு உண்டு. 2104 நோயாளிகளைக் கொண்டு 2015-இல் முடிவு வெளியான அவெர்ட் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அதிக நேரம் பயிற்சி தரப்பட்டவர்களில் 46 சதவீதத்தினரும், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 50 சதவீதத்தினரும் மூன்று மாதங்களில் நல்ல நிலையை எட்டினார்கள். 2006-இல் வெளியான எக்சைட் ஆய்வு வேறொரு பாடம் தந்தது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேரில் ஒரு பிரிவினருக்கு, நல்ல கையை உறையிட்டுத் தடுத்து, பாதித்த கையாலேயே இரண்டு வாரம் எல்லா வேலைகளையும் செய்ய வைத்தார்கள். அவர்களுடைய பாதித்த கையின் திறன் கூடியது. அந்தப் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் அதில் சேர, மணிக்கட்டையும் விரல்களையும் தாமாகவே குறைந்தது 10 பாகையாவது நிமிர்த்த முடிந்திருக்க வேண்டும். முழுதும் சுருண்ட கைக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

அத்தகைய கைகளுக்காக ஷாங்காய் மருத்துவர்கள் செய்த அறுவைச் சிகிச்சையின் முடிவு 2018-இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கை செயலிழந்திருந்த 36 பேரில் 18 பேருக்கு, செயலிழந்த பக்கத்தின் ஏழாவது கழுத்து நரம்பை வெட்டி, நல்ல பக்கத்தின் அதே நரம்பை அதனோடு இணைத்தார்கள். கையின் இயக்கத்தை மதிப்பிடும், 66 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் ஓராண்டில் அவர்கள் சராசரியாக 17.7 மதிப்பெண் முன்னேற, பயிற்சி மட்டும் பெற்றவர்கள் 2.6 மதிப்பெண்ணே முன்னேறினார்கள். இறுக்கமும் குறைந்தது. நல்ல கையில் சில காலம் மரமரப்பும் பலக்குறைவும் இருந்தன. ஒரே இடத்தில் சிலருக்கு மட்டும் செய்யப்பட்ட பெரிய அறுவை என்பதால், இதை இப்போதே எல்லாருக்கும் பரிந்துரைக்க என்னால் இயலாது. அறுவை செய்துகொண்ட 18 பேரும், செய்துகொள்ளாத 18 பேரைப் போலவே, அந்த ஓராண்டு முழுவதும் பயிற்சியையும் தொடர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.