நாபோத்தின் தோட்டமும் ஆகாபின் சிங்காசனமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கி.மு. 853-இல் கார்கார் என்ற இடத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. ஒரு பக்கம் அசீரியப் பேரரசன் மூன்றாம் சல்மனாசர், எதிரே அவனைத் தடுக்கத் திரண்ட அரசர்களின் கூட்டணி. அந்தக் கூட்டணியில் யார் எவ்வளவு படையோடு வந்தார்கள் என்பதைச் சல்மனாசர் கல்லில் வெட்டிவைத்தான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்தக் கல் இன்றும் நிற்கிறது. இஸ்ரவேலின் அரசன் ஆகாப் 2,000 ரதங்களும் 10,000 காலாட்களும் கொண்டுவந்தான் என்கிறது அது. எதிரி தன் கையாலேயே எழுதிக்கொடுத்த நற்சான்று! வேறெந்த நாடாக இருந்தாலும் அரண்மனைப் புலவர்கள் இதைப் பாடிப் பாடியே ஓய்ந்திருப்பார்கள்.

எபிரேய வேதத்தில் அந்தப் போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதே ஆகாப் தன் அண்டைவீட்டுக்காரனின் திராட்சத்தோட்டத்துக்கு ஆசைப்பட்ட கதைக்கு மட்டும் ஒரு முழு அதிகாரம் இருக்கிறது: இராஜாக்களின் முதலாம் புத்தகம், 21. ஓர் அரசனை எதை வைத்து எடைபோட வேண்டும் என்று அந்த நூலை எழுதியவர்கள் நினைத்தார்களோ, அதை இந்தத் தேர்விலேயே பார்க்கிறேன்.

கதைக்குள் போவோம். யெஸ்ரயேல் என்ற ஊரில் ஆகாபின் அரண்மனையை ஒட்டி நாபோத் என்பவனுக்கு ஒரு தோட்டம். அதைக் கீரைக்கொல்லையாக்க அரசனுக்கு ஆசை. அவன் முதலில் மிரட்டவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணமாகத் தருகிறேன் என்று முறையாகவே கேட்கிறான். நாபோத் மறுக்கிறான். விலை போதாது என்று அல்ல. என் பிதாக்கள் விட்டுச்சென்ற பரம்பரைச் சொத்து இது, இதைக் கொடுக்காதபடி கர்த்தர் என்னைக் காக்கட்டும் என்கிறான். வேதத்தின் சட்டநூல்களில் ஒன்றான லேவியராகமம், அதிகாரம் 25 இதற்கு அடிப்படை. தேசம் கர்த்தருடையது, அதில் குடியிருக்கும் எல்லாரும் அவரிடத்தில் பரதேசிகள், ஆகவே நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தின் முன்னால் அரசனும் ஒரு குடியானவன்தான்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். 2,000 ரதங்களுக்குச் சொந்தக்காரன் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறான். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் முக்கியமான இடம் இதுதான். தோட்டத்தைப் பறிக்கத் தனக்கு உரிமை இல்லை என்பது ஆகாபுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வாட்டம். அவன் மனைவி யேசபேல் சீதோனிய அரசனின் மகள். நீர்தானே இஸ்ரவேலை ஆளுகிறவர், எழுந்து சாப்பிடும், தோட்டத்தை நான் வாங்கித் தருகிறேன் என்கிறாள். ராஜா கேட்டும் ஒரு குடிமகன் இல்லை என்று சொல்ல முடியுமா என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

அவள் ஆளனுப்பி வெட்டிப்போடவும் இல்லை. ஆகாபின் பெயரால் கடிதம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, ஊர் மூப்பர்களுக்கு அனுப்புகிறாள். உபவாசம் கூறுங்கள், நாபோத்தை ஜனங்களின் முன்னே நிறுத்துங்கள், தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று இரண்டு பேரைச் சாட்சி சொல்ல வையுங்கள், பிறகு கல்லெறிந்து கொல்லுங்கள். இன்னொரு சட்டநூலான உபாகமம், அதிகாரம் 17 மரணதண்டனைத் தீர்ப்புக்கு இரண்டு சாட்சியாவது வேண்டும் என்கிறது. அந்த எண்ணிக்கையைக்கூட அவள் விடவில்லை. உபவாசம், சாட்சி, தெய்வநிந்தனை என எல்லாம் சட்டப்படி, எல்லாம் கடவுளின் பெயரால்! மூப்பர்களில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதாக எழுதப்படவில்லை. நாபோத் செத்துப்போனான் என்ற செய்தி மட்டும் திரும்பி வருகிறது.

இந்த நாளைப் பல தலைமுறைக்கு முன்பே தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லிவிட்டார். மற்ற தேசத்தாரைப் போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேலின் மூப்பர்கள் ராமா என்ற ஊரில் அவரிடம் வந்து கேட்டபோது, அவர்கள் தள்ளினது உன்னை அல்ல, என்னைத்தான் என்று கர்த்தர் சாமுவேலிடம் சொல்கிறார். வரப்போகிற ராஜா உங்கள் குமாரரை ரதங்களுக்கு எடுப்பான், குமாரத்திகளைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுப்பான், உங்கள் வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் எடுத்துத் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். ஜனங்கள் கேட்கவில்லை. கர்த்தர் ராஜாவைக் கொடுக்கிறார், ஆனால் கடிவாளத்தோடு கொடுக்கிறார். சாட்சிகளைப் பற்றிச் சொன்ன அதே உபாகமம் 17-இல்தான் அந்தக் கடிவாளமும் இருக்கிறது: குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளி பொன்னைக் குவிக்காதே, நியாயப்பிரமாணம் என்ற இந்தச் சட்டத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் வாசி, உன் இருதயம் உன் சகோதரருக்கு மேலாக உயரக் கூடாது. சாலொமோன் இந்த மூன்று விலக்குகளையும் மீறினான் என்பதை அதே வேதம் ஒளிக்காமல் எழுதுகிறது.

பாபிலோனில் அரசன் ஹம்முராபி தன் பெயரால் சட்டம் கொடுத்தான். இஸ்ரவேலில் எந்த ராஜாவின் பெயராலும் ஒரு சட்டத்தொகுப்பு வேதத்தில் கிடையாது. சட்டம் மோசேயின் மூலம் சீனாய் மலையில் வந்தது. முதல் ராஜாவான சவுல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே இருக்கிறது.

மறுபடி தோட்டத்துக்கு வருவோம். ஆகாப் அதைச் சொந்தமாக்கிக்கொள்ள இறங்கி வருகிறான். அங்கே தீர்க்கதரிசி எலியா நிற்கிறார், படை இல்லை, பதவி இல்லை. கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயோ என்று கேட்கிறார். என் பகைவனே, என்னைக் கண்டுபிடித்தாயா என்கிறான் ஆகாப். நான் செய்யவில்லை, அவள் செய்தாள் என்று அவன் சொல்லவில்லை.

எல்லாத் தீர்க்கதரிசிகளும் எலியாக்கள் அல்ல என்பதை அடுத்த அதிகாரமே காட்டுகிறது. ராமோத் என்ற ஊரின்மேல் போருக்குப் போகலாமா என்று ஆகாப் கேட்டபோது, ஏறக்குறைய 400 பேர் ஒரே வாயாக, போம், வெற்றி உமக்கே என்றார்கள். அவர்களும் கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். மிகாயா ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னார். கன்னத்தில் அறை வாங்கிச் சிறைக்குப் போனார். ஆகாப் அந்தப் போரில் அம்பு பட்டு மாண்டான். கடவுள் சொன்னார் என்ற சொல்லை அரண்மனைக்குள்ளிருந்து கேட்கும்போது இருமுறை யோசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்த 400 பேரே காரணம்.

கதை இன்னும் முடியவில்லை. ஆகாபின் குடும்பத்தை அழிக்க இஸ்ரவேலின் படைத்தலைவன் யெகூ ராஜாவாக அபிஷேகம் பெறுகிறான், அதுவும் ஒரு தீர்க்கதரிசியின் கையால். ஆகாபின் மகன் யோராமைக் கொன்று, உடலை நாபோத்தின் நிலத்திலேயே எறியச் சொல்கிறான், கர்த்தருடைய வார்த்தை நிறைவேறிற்று என்று சொல்லிக்கொண்டே. அதோடு நிற்கவில்லை. ஆகாபின் குமாரர் 70 பேரின் தலைகளைக் கூடைகளில் வரவழைத்து, யெஸ்ரயேல் நகரவாசலில் இரண்டு குவியலாக வைக்கச் செய்தான். இராஜாக்களின் புத்தகம் யெகூவைப் பாராட்டவும் செய்கிறது. ஆனால் சுமார் நூறு ஆண்டு கழித்து, யெகூவின் வம்சமே சிங்காசனத்தில் இருக்கும்போது, தீர்க்கதரிசி ஓசியா எழுகிறார். யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வீட்டாரிடம் விசாரிப்பேன் என்ற கர்த்தருடைய வாக்கு அவரிடம் வருகிறது. பிறந்த முதல் மகனுக்கு யெஸ்ரயேல் என்றே பெயர் வைக்கும்படியும் அவருக்குக் கட்டளை.