டேங்க் நிரம்பவே இல்லை, லாரி கூப்பிட வேண்டுமா?

வணக்கம். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "வீடு கட்டி 14 வருடம் ஆகிறது. இதுவரை செப்டிக் டேங்க் நிரம்பவே இல்லை. பக்கத்து வீட்டில் 3 வருடத்துக்கு ஒரு முறை லாரி வருகிறது. அப்படியென்றால் எங்கள் டேங்க் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா?"

அம்மா, பக்கத்து வீட்டு டேங்க் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு டேங்கைத்தான் உடனே பார்க்க வேண்டும்.

ஒழுங்காகக் கட்டிய டேங்க், குடிபோன கொஞ்ச நாளிலேயே தண்ணீரால் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு எப்போது மூடியைத் திறந்தாலும் வெளியே போகிற குழாய் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு மறுபக்கம் சோக் பிட்டுக்கு, அதாவது தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற குழிக்குப் போகும். கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே பாலாடை மாதிரி படரும். நடுவில் தெளிந்து நிற்கிற தண்ணீர் மட்டும்தான் வெளியேற வேண்டும், அதற்காகத்தான் டீ பைப் (T வடிவக் குழாய்) வைக்கிறோம். அடியில் இருக்கிற நுண்ணுயிர்கள் கசடைத் தின்று குறைக்கும், ஆனால் முழுக்கத் தின்றுவிடாது. மிச்சம் வருடா வருடம் ஏறிக்கொண்டே வரும். தெளிய இடமில்லாமல் போனதும் கசடே சோக் பிட்டுக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்று நாம் கவனிக்கும்போது சோக் பிட் கெட்டுப்போயிருக்கும். லாரி வந்து டேங்கைக் காலி செய்தாலும் அது திரும்பச் சரியாகாது, புதிதாகத் தோண்ட வேண்டியதுதான். நிரம்பட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான். 2, 3 வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுங்கள்.

சரி, 14 வருடமாக நிரம்பாத டேங்கில் என்ன நடக்கிறது? சிமெண்ட் உறை நாலைந்து இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டுவிடுகிற பழக்கம் நம் ஊர்களில் நிறைய இருக்கிறது. "ஆயுசுக்கும் எடுக்க வேண்டாம் சார்" என்று சொல்லித்தான் கட்டுவார்கள். என் மாமனார் வீட்டில் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் ஸ்லாபை நகர்த்திப் பார்த்தேன். பத்தடி ஆழத்தில் அடியில் மட்டும் கறுப்பாக ஈரம் மினுங்கியது, உறைகளின் இணைப்பில் சிமெண்ட் பூச்சே இல்லை. அங்கிருந்து போர் பைப் வரை காலடியால் அளந்தேன், 25 அடிகூட இல்லை. ஒரு குடும்பத்தின் கழிவு முழுக்க அந்த மண்ணுக்குள்தான் இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் என் பிள்ளைகளும் லீவுக்குப் போகும்போதெல்லாம் குடித்தார்கள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குடிதண்ணீருக்கும் சோக் பிட்டுக்கும் நடுவில் 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. மூன்று சென்ட் மனையில் அது எப்படி முடியும்? அடியும் சுவரும் ஒழுகாத டேங்காவது கட்டாயம் வேண்டும். உங்கள் பக்கம் காவிரிப் பாசனப் பகுதி. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், கழிவும் குடிதண்ணீரும் கலப்பது இன்னும் சுலபம். போர் தண்ணீரை ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வீட்டில் ஆள் குறைவு, டேங்க் பெரியது என்றால் கசடு மெதுவாக ஏறுவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நீளமான மூங்கில் கழியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, எட்டிப் பார்க்காமல் தள்ளி நின்று, கழியை அடிவரை இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருந்து, மெதுவாகத் தூக்குங்கள். துணியில் கறுப்பு அப்பியிருக்கிற உயரம்தான் கசடு. அதற்கு மேலே துணி வெறுமனே நனைந்திருக்கும். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கறுப்பு வந்துவிட்டால் லாரிக்குச் சொல்லிவிடுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், தீக்குச்சி, பீடி எதுவும் அங்கே கூடாது. மீத்தேன் இருக்கும்.

சாணம் வேண்டாம் அம்மா. தேவையான நுண்ணுயிர் நம் மலத்திலேயே வந்துவிடுகிறது. சாணத்தில் இருக்கிற நார் கசடைத்தான் கூட்டும். கடையில் விற்கிற பவுடருக்கும் அவசியம் இல்லை. வாரா வாரம் ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் கொட்டுவதை நிறுத்தினாலே போதும். நாப்கின், டயாபர், சமையல் எண்ணெய் இவற்றை உள்ளே விடாதீர்கள். வாயு வெளியேறுகிற வென்ட் பைப் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

லாரி வரும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். அடியில் கொஞ்சம் கெட்டியாக நிற்கும், "ஆளை இறக்கி வழித்துவிடலாமா" என்று கேட்பார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்றப் போகிறவரும் விழுவார். நம் ஊரில் எத்தனை குடும்பம் இப்படி அப்பாவையும் பிள்ளையையும் பறிகொடுத்திருக்கிறது! பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், வேலை கொடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். கெட்டியாக இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து எடுக்கச் சொல்லுங்கள். அடியில் லேசாகக் கசடு மிச்சம் இருந்தால் நல்லதுதான், அடுத்த சுற்றுக்கு அது உறைமோர் மாதிரி.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே, ஆவணியில் வேலையை முடித்துவிடுங்கள். உரிமம் உள்ள லாரியா என்று பார்த்துக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கசடை வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். டேங்க் காலியாக இருக்கிற அன்றைக்கே ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, மேலே நின்றபடியே டார்ச் அடித்து அடியில் கான்கிரீட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதற்குள் இறங்கிப் பூச வேண்டாம், புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம், அதன் அளவுகளை அடுத்த வீடியோவில் சொல்கிறேன். இருந்தால், எடுத்த தேதியை மூடி மேலே பெயிண்டில் எழுதி வையுங்கள்.