வால்ல எழுதியிருக்கிற பேரு: ஆஸ்திரேலியாவோட பண்ணைக் காத்தாலைக் கம்பெனிங்க கதை

வணக்கம் மக்களே! காத்துச் சத்தம் கொஞ்சம் ஓவரா கேக்கும், பொறுத்துக்கோங்க. மைக்குக்குப் பஞ்சு மாட்டியும் அடங்க மாட்டேங்குது. இந்த ஊர்ல காத்து அடிக்கலன்னாதான் அதிசயம்.

ஊர் பேரு பெனோங். மலேசியா பினாங்கு இல்லீங்க, இது தெற்கு ஆஸ்திரேலியா. சிடூனாவுல இருந்து மேற்க 70 கிலோமீட்டர் தள்ளி, நல்லார்பார் வெளிக்குப் போற ஏர் ஹைவே மேலயே இருக்கு. பெர்த்துக்கு ரோட்டு வழியா போறவங்க பெட்ரோல் போட நிறுத்துவாங்களே, அந்த மாதிரி ஊரு. 2016ல இங்க ஒரு காத்தாலை மியூசியம் திறந்தாங்க. மியூசியம்னா கட்டடம், டிக்கெட் கவுன்டர்னு நினைக்காதீங்க. திறந்த வெளி, வரிசையா காத்தாலைங்க, அவ்ளோதான்.

அதோ பின்னாடி பெருசா தெரியுது பாருங்க, அது பேரு புரூஸ். ஆமா, பேரே வெச்சிருக்காங்க. காமெட் கம்பெனி காத்தாலை. சக்கரத்தோட குறுக்களவு 35 அடி. சக்கரத்துக்குப் பின்னாடி நீட்டிட்டு நிக்கிற தகடுதான் வால், கம்பெனி பேரை அதுலதான் எழுதுவாங்க. ஆஸ்திரேலியாவுலயே பெரிய பண்ணைக் காத்தாலை இதுதான்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க. நான் கீழ நிக்கிறேன், கேமராவைக் கொஞ்சம் தூக்குறேன்... முழுசா ஃபிரேமுக்குள்ள வருதா? வரலைல?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது கரண்ட் எடுக்கிற காத்தாலை இல்ல. முப்பந்தல் பக்கம் மூணு இறக்கையோட நிக்குதே, அது வேற வேலை. இதோட ஒரே வேலை தண்ணி இறைக்கிறது. நம்ம ஊரு அடிபம்பு தெரியும்ல, அதே சமாச்சாரம். கைப்பிடியை நாம அடிக்கிறதுக்குப் பதிலா, மேல சக்கரம் சுத்தி ஒரு ராடை மேலயும் கீழயும் இழுக்குது. ராடு போர் கிணத்துக்குள்ள போகுது, அடியில சிலிண்டர், சிலிண்டருக்குள்ள வாளின்னு சொல்ற பிஸ்டன், அதுல தோல் வாஷர், கீழ தண்ணி திரும்பி இறங்காம தடுக்கிற ஃபுட் வால்வு.

இது பாருங்க, இதான் அந்த வாஷர். வர்ற வழியில ஒரு பண்ணைக்காரர் கொடுத்தாரு, தேஞ்சு போனது. கிண்ணம் மாதிரி இருக்கா? இந்த ஓரத்தைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் கத்தியால சீவின மாதிரி மெலிஞ்சு போயிருக்கு. மணல் அறுத்த வேலை இது. இவ்ளோ பெரிய இரும்புச் சக்கரம், அவ்ளோ உயர டவர், எல்லாம் கடைசியில இந்தத் துண்டுத் தோலை நம்பித்தான் ஓடுது. இது தேஞ்சா காத்தாலை ஜோரா சுத்திட்டே இருக்கும், தண்ணி மட்டும் வராது. மாட்டுத் தொட்டி காலியா கிடக்கும்.

சரி, கம்பெனி கதைக்கு வருவோம். காத்தைப் பார்த்துத் தானா திரும்புற, புயல் வந்தா தானா ஒதுங்கிக்கிற காத்தாலையை 1854ல அமெரிக்காவுல டேனியல் ஹாலடேன்னு ஒருத்தர் செஞ்சுட்டாரு. 1888ல சிகாகோவுல ஏர்மோட்டார் கம்பெனி இரும்புச் சக்கரத்தோட வந்துது. காத்தைப் பிடிக்கிற வித்தையை அமெரிக்காக்காரன் முடிச்சுட்டான். அப்போ ஆஸ்திரேலியாக்காரங்க என்னதான் பண்ணாங்க? காப்பி அடிச்சு வித்தாங்களா? பாதி ஆமா. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

டூவூம்பான்னு ஒரு ஊரு, குயின்ஸ்லாந்துல மலை மேல, பிரிஸ்பேன்ல இருந்து உள்ள தள்ளி. அங்க 1871ல ஜார்ஜ் வாஷிங்டன் கிரிஃபித்ஸ்னு ஒருத்தர் இரும்புச் சாமான் கடை போட்டாரு. பேரைக் கேட்டு அமெரிக்க ஜனாதிபதின்னு நினைச்சுடாதீங்க. ஆணி, சங்கிலி, கலப்பை உதிரி விக்கிற கடை. அது வார்ப்புப் பட்டறையா வளர்ந்து, 1876லயே முதல் காத்தாலை வெளிய வந்துருச்சு. டூவூம்பா ஃபவுண்ட்ரின்னு பேரு. இவங்க காத்தாலைக்கு 1903ல வெச்ச பேருதான் சதர்ன் கிராஸ். இன்னிக்கும் இந்த நாட்டுல காத்தாலைன்னாலே முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பேருதான் வாயில வரும்.

அந்தக் குடும்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு ஜான் ஆல்ஃபிரட் கிரிஃபித்ஸ். இன்ஜினியர். அந்தக் காலத்துல காத்தாலை விளம்பரம்னா வாய்க்கு வந்தபடி அடிச்சு விடுவாங்க. இத்தனை குதிரை சக்தி, அத்தனை கேலன்னு எல்லாம் கதை. இவரு என்ன பண்ணாரு, காத்து வேகத்தையும் இறைச்ச தண்ணியையும் அளந்து பார்த்து, காத்தாலை நிஜமா எவ்ளோ வேலை செய்யுதுன்னு கணக்கெடுத்து ஒரு கட்டுரை எழுதினாரு. 1895ல லண்டன் சிவில் இன்ஜினியர்ஸ் சங்கம் அதை அச்சுல போட்டுது. விக்கிற குடும்பத்துலயே ஒருத்தர் அளந்து வெளிய சொல்றாருன்னா, அது எனக்குப் பெரிய விஷயமா படுது.

இன்னொரு பக்கம் 1879. அதே குயின்ஸ்லாந்து, ராக்ஹாம்ப்டன். சிட்னி வில்லியம்ஸ்னு ஒருத்தர். கவனிங்க, இங்க சிட்னி ஊரு இல்ல, ஆளோட பேரு. அவரு ஆரம்பிச்சதுதான் காமெட். நம்ம புரூஸோட பிறந்த வீடு. குழப்பம் போதாதுன்னு, பிற்பாடு இந்த சிட்னி வில்லியம்ஸ் கம்பெனி நிஜமாவே சிட்னிக்குப் போய், டல்விச் ஹில்ல தொழிற்சாலை வெச்சுது.

இவங்க காத்தாலையோட நின்னுடல. இரண்டாம் உலகப் போர் டைம்ல வட ஆஸ்திரேலியா பூரா ராணுவத்துக்குக் கொட்டகை வேணும். மரம் இல்ல, ஆளும் இல்ல. ஆங்கிள் இரும்பைத் துண்டு துண்டா லாரியில அனுப்பி, போன இடத்துல போல்ட் போட்டு நிறுத்துற கொட்டகையை இவங்கதான் கொடுத்தாங்க. சிட்னி வில்லியம்ஸ் ஹட்டுன்னே பேரு. டார்வின் பக்கம் போனா இன்னும் சிலது நிக்குது. காத்தாலை டவரும் இதே கதைதானே? ஆங்கிள், போல்ட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல நாலு பேர் நின்னு எழுப்பணும். அந்தப் பழக்கம் கை கொடுத்திருக்கு.

இப்போ நான் சொல்ல வந்த மெயின் விஷயம். இந்தக் கம்பெனிங்க பட்டியலைப் பார்த்தா, பெரும்பாலானவங்க காத்தாலை செய்யணும்னு கிளம்பினவங்களே இல்ல. பண்ணைக்காரனுக்கு வேற ஏதோ வித்துட்டு இருந்தவங்க. விக்டோரியாவுல ஜேம்ஸ் ஆல்ஸ்டன், லண்டன்ல பொறந்தவரு, வார்னாம்பூல்ல விவசாயக் கருவிப் பட்டறை வெச்சிருந்தாரு. போர் போடுற சாமானும் செஞ்சாரு. போர் போட்டவனுக்கு அடுத்து என்ன வேணும்? தண்ணியை மேல கொண்டு வரணும். காத்தாலை செய்ய ஆரம்பிச்சாரு. 1897ல மெல்போர்னுக்கே தொழிற்சாலையை மாத்திட்டாரு. பிரிஸ்பேன்ல இன்டர்கலோனியல் போரிங் கம்பெனி, பேர்லயே போர் இருக்கு. அவங்க காத்தாலைக்கு சிம்ப்ளெக்ஸ்னு பேரு. அடிலெய்டுல மெட்டர்ஸ், அவங்க அடுப்புக்காரங்க! கதவுல கூக்கபரா பறவைப் படம் போட்ட கேஸ் அடுப்பு, இன்னிக்கும் பழைய வீடுகள்ல இருக்கும், அதே மெட்டர்ஸ்தான். சமையக்கட்டுல அடுப்பு, தோட்டத்துல காத்தாலை, ரெண்டுலயும் ஒரே பேரு. மெல்போர்ன்ல ஜான் டாங்க்ஸ், குழாய் வால்வுக்காரங்க, அவங்க காத்தாலை பில்லபாங். மேற்கு ஆஸ்திரேலியாவுல ஃப்ரீமேன்டில் டபிள்யூ.டி. மூர், அவங்களோடது யெல்லோ டெயில். வால் மஞ்சக் கலர், வேற யோசனையே பண்ணல.

டூவூம்பா ஃபவுண்ட்ரியே பி.பி.15ன்னு ரயில் இன்ஜின்கூட செஞ்சுது. அதைவிட வேடிக்கை, சதர்ன் கிராஸ் பேர்லயே டீசல் இன்ஜினும் வித்தாங்க. காத்து இல்லாத நாளைக்கு இன்ஜின், காத்து உள்ள நாளைக்குக் காத்தாலை. ரெண்டு பக்கமும் கல்லா நம்மளதே!

சரி, காப்பி அடிக்காத அந்த மீதிப் பாதி என்ன? ஆழமும் தூரமும். ஆஸ்திரேலியாவுக்குக் கீழ கிரேட் ஆர்டீசியன் பேசின்னு ஒரு நிலத்தடி நீர்ப் படுகை இருக்கு, 17 லட்சம் சதுர கிலோமீட்டர். 1878ல நியூ சவுத் வேல்ஸ்ல பர்க் பக்கம் கல்லாரா பண்ணையில போர் போட்டப்போ தண்ணி தானா பொங்கி வந்துது. தானா பொங்குற இடத்துல காத்தாலை எதுக்கு? தேவையே இல்ல. ஆனா நிறைய இடத்துல தண்ணி போருக்குள்ள பாதி தூரம் ஏறி நின்னுடும். கண்டபடி போர் போட்டதுல, பொங்கிட்டு இருந்த இடத்துலயும் அழுத்தம் குறைஞ்சு போச்சு. மிச்சத்தை யாராவது இழுத்தாகணும்.

இழுக்கிறதுன்னா எவ்ளோ எடைன்னு ஒரு கணக்குப் போடுவோமா? 3 அங்குல சிலிண்டர், தண்ணி 100 மீட்டர் ஆழம். சிலிண்டருக்கு மேல நிக்கிற தண்ணியோட எடை மட்டும் சுமார் 450 கிலோ. ராடு எடை தனி. ஒவ்வொரு இழுப்புக்கும் அதைத் தூக்கணும். தூக்கினா எவ்ளோ வரும்? ஒரு அடி இழுப்புன்னா சுமார் 1.4 லிட்டர். நிமிஷத்துக்கு 20 இழுப்பு வெச்சா மணிக்கு 1,600, 1,700 லிட்டர். வெயில் காலத்துல ஒரு மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல குடிக்கும். அப்போ சின்னச் சக்கரம் எந்த மூலைக்கு? 10 அடிச் சக்கரத்தைவிட 35 அடிச் சக்கரம் 12 மடங்கு காத்தைப் பிடிக்கும். புரூஸ் ஏன் இவ்ளோ பெருசுன்னு இப்போ புரியுதா? வீம்புக்கு இல்ல.

சின்னச் சக்கரம் வேகமா சுத்தும், அதனால கியர் போட்டு வேகத்தைக் குறைப்பாங்க. பெரிய சக்கரம் மெதுவாத்தான் சுத்தும். அதனால கியரே வேண்டாம்னு விட்டுட்டாங்க. சக்கரம் ஒரு சுத்து, ராடு ஒரு இழுப்பு. கியர் இல்லன்னா பல்லு உடையாது. 100 கிலோமீட்டருக்கு மெக்கானிக் இல்லாத ஊர்ல, உடையாத சாமான்தான் நல்ல சாமான்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லணும். ஆரம்பத்துல வாராவாரம் ஒரு ஆளு எண்ணெய் டப்பாவோட மேல ஏறணும். 40 அடி, 50 அடி டவர், இரும்பு ஏணி, பக்கத்துல சக்கரம் வேற. காத்து திடீர்னு திரும்பினா வால் சுத்தி வந்து ஆளைத் தட்டி விட்டுடும். அதனாலதான் கீழ ஒரு லிவர் இருக்கு, இதோ, இதை இழுத்தா மேல வால் மடங்கிச் சக்கரம் காத்துக்குப் பக்கவாட்டுல திரும்பிடும். ஏறுறதுக்கு முன்னாடி இதை இழுக்காம யாரும் ஏற மாட்டாங்க. 1910கள்ல அமெரிக்காவுல பாகங்களை மூடின பெட்டிக்குள்ள எண்ணெயில முக்கி வெக்கிற மாடல் வந்துது, இங்கயும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. வருஷத்துக்கு ஒருதரம் எண்ணெய் மாத்தினா போதும். என்னைக் கேட்டா, இந்தக் கம்பெனிங்க போட்டி போட்டது காத்தைப் பிடிக்கிறதுல இல்ல, யாரு காத்தாலைக்கு ஆள் கம்மியா ஏறணும்ங்கிறதுலதான்.

ஊருக்குள்ளயும் இது இருந்துது. நியூ சவுத் வேல்ஸ்ல கில்காண்ட்ரான்னு ஒரு டவுன். 1966ல முனிசிபாலிட்டி குழாய்த் தண்ணி வர்ற வரைக்கும் வீட்டுக்கு வீடு காத்தாலை. கொல்லைப்புறத்துல துணி காயப்போடுற கம்பிக்குப் பக்கத்துல டவர் நிக்கும். ராத்திரி காத்து அடிச்சா தெரு பூரா கடக் கடக்னு சத்தம் கேட்டிருக்கும்ல? தூக்கம் எப்படித்தான் வந்துதோ!

அப்புறம் என்ன ஆச்சு? கரண்ட் கம்பி வந்துது, பாலித்தீன் பைப் வந்துது, ஒரே இடத்துல இறைச்சுப் பல தொட்டிக்கு அனுப்பலாம்னு ஆச்சு. அதுக்கப்புறம் சோலார் பம்பு. தரையில நின்னே பேனலைத் துடைச்சுடலாம், ஏறவே வேண்டாம். பார்த்தீங்களா, ஏறாம இருக்கணும்ங்கிற போட்டியில கடைசியில சூரியன் ஜெயிச்சுடுச்சு. சில பண்ணையில பழைய காத்தாலையைக் கழட்டாம, அதே போர்ல பம்பை மட்டும் மாத்தி இறக்கிட்டாங்க. டவரை இறக்குற கூலிக்குப் புதுப் பேனலே வாங்கிடலாம்னு கணக்கு.

எனக்கு சதர்ன் கிராஸா காமெட்டான்னு கேட்டா, காமெட்தான். சதர்ன் கிராஸ் ரசிகர்கள் கமென்ட்ல சண்டைக்கு வாங்க, வரணும். இங்க பண்ணைக்காரங்களே டிராக்டர் கம்பெனிக்கு அடிச்சுக்கிற மாதிரி இதுக்கும் அடிச்சுக்குவாங்க.

இந்தப் பக்கம் வந்தா ஒண்ணு பண்ணுங்க. தூரத்துல காத்தாலை தெரிஞ்சா வால்ல பேரைப் படிங்க. பெயின்ட் போயிருந்தா வால் வடிவத்தையும் தகடு வளைவையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எந்தக் கம்பெனின்னு சேர்ந்து கண்டுபிடிப்போம். அடுத்த வீடியோ டூவூம்பாவுல இருந்து. இப்போ இந்த வாஷரைக் கார்ல வெச்சுட்டு நான் கிளம்பறேன், சிடூனாவுல சாப்பாட்டுக் கடை சீக்கிரம் மூடிடுவான்.