கிட்டத்தை மிதித்துக்கொண்டு போகாதீர்கள்

(மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்கப் புறப்படும் பீடோங் வட்டாரத் தோட்டத்துப் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பூஜாங் பள்ளத்தாக்கு என்றதும் நம்மவர் வாயில் கெடாவின் பழைய பெயரான கடாரம் வரும், அடுத்து சோழன் வருவான். 1025இல் இராஜேந்திரனின் படை கடல் கடந்து வந்தது உண்மைதான். அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே மெர்போக் ஆற்றுப் பகுதியில் இரும்பு உலைகள் எரிந்தன. ஆகவே நாளை முதலில் பட்டறையைப் பார்ப்போம். சண்டிகளை, அதாவது பழைய கோயில்களை, பிறகு பார்ப்போம்.

செமிலிங் தாண்டி மெர்போக் போகும் சாலையில் சுங்கை பத்து இருக்கிறது. செம்பனை மரங்களுக்கு நடுவே மண்மூடிக் கிடந்த இடம். 2009இல் யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். செங்கல் கட்டடங்களும் படகுத்துறையும் இரும்புக் கிட்டமும் (உலையில் உருகி வழிந்து உறைந்த கழிவு) உடைந்த மண்குழாய்களும் வெளிவந்தன. அந்தக் குழாய் புரிந்தால் மற்றதெல்லாம் புரியும்.

இரும்பு உருக்கிய இடம் என்று சொல்கிறோம். உண்மையில் அந்த உலையில் இரும்பு உருகவில்லை. இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். மண் உலையில் கிடைப்பது ஏறக்குறைய 1,200. அந்தச் சூட்டில் தாதுவிலுள்ள கல்லும் மண்ணும்தான் உருகி வழியும். அது ஆறினால் கிட்டம். இரும்பு பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக உள்ளே தங்கும். அதைச் சூடாக இருக்கும்போதே அடித்து, ஒட்டியிருக்கும் கிட்டத்தைப் பிழிந்து எடுக்க வேண்டும்.

மரக்கரிக்கு அங்கே இரண்டு வேலை. சூடு தருவது ஒன்று. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாகி, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிப்பது மற்றொன்று. தாதுவை முன்கூட்டியே வறுத்து ஈரம் போக்காவிட்டால் உலைக்குள் வெடித்துத் தூளாகிக் காற்றுப் பாதையை அடைத்துவிடும். துருத்தி தளர்ந்தால் கிட்டம் வழியாமல் உறைந்து, இரும்பும் அதுவும் பிரிக்க முடியாத கட்டியாகும். சூடும் கரியும் மிஞ்சினாலோ இரும்பு கரியை அளவுக்குமேல் உறிஞ்சி, சுத்தியல் பட்டதும் நொறுங்கும்.

துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டுபோனது அந்த மண்குழாய். நெருப்பைப் பார்த்திருந்த முனை கண்ணாடிபோல் உருகி, கிட்டம் ஒட்டிக் கறுத்திருக்கும். முனை தேயத் தேயக் குழாயை மாற்ற வேண்டும். அதனால்தான் உலை இருந்த இடங்களில் குழாய்த் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன.

கிட்டத்தையும் செம்பாறையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். செம்பாறை பழுப்புச் சிவப்பு, மங்கல். கிட்டம் கறுப்பு, மெழுகு வழிந்து உறைந்ததுபோல் மேலே மடிப்பு இருக்கும், உடைந்த பக்கத்தில் காற்றுக் குமிழித் துளைகள் தெரியும். அளவுக்கு மீறிய கனம், ஏனென்றால் பிரியாத இரும்பு நிறைய அதிலேயே தங்கிவிடுகிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது இந்த மடிப்புகள் நன்றாகத் தெரியும். அதனால்தான் சீக்கிரம் புறப்படச் சொல்கிறேன்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. சில கரி மாதிரிகள் கிமு 8ஆம் நூற்றாண்டைக் காட்டியதாக அறிவிக்கப்பட்டது. ஆய்வாளர் எல்லோரும் அதை ஏற்கவில்லை. கரி சொல்வது அந்த மரம் வளர்ந்த காலத்தை. முதிர்ந்த மரத்தின் நடுவிலுள்ள பழைய வைரப்பகுதியை எரித்திருந்தால் உலையின் உண்மையான வயதைவிடக் கூடுதலாகக் காட்டும். பிள்ளைகளிடம் பெருமைக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள். உலை மூட்டியவர் என்ன மொழி பேசினார் என்பதைக் குழாய் சொல்லாது.

மழை பெய்தால் அந்தச் செம்மண் வழுக்கும். செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். கொசு மருந்தும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு புக்கிட் பத்து பஹாட் அருங்காட்சியகம். அங்குள்ள கருங்கல் சண்டி 1960ஆம் ஆண்டுவாக்கில் மறுபடி எடுத்துக் கட்டப்பட்டது. மேலே ஜெராய் மலை, கீழே மெர்போக் ஆறு: தாது, விறகு, தண்ணீர், படகு நான்கும் ஒரே இடத்தில் கிடைத்ததை அங்கே நின்றால் கண்ணாலேயே காணலாம்.

2013இல் இதே சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டியை வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளினார்கள். செய்தி வெளிவந்தபோது அங்கே எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் தோட்டத்தில் பள்ளம் வெட்டும்போது கறுத்த முனையுள்ள குழாய்த் துண்டு அகப்பட்டால் வேலையை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று குறித்து, அருங்காட்சியகத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ அன்றைக்கே தெரிவியுங்கள்.