படித்துறைக்குப் போனார்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் அரிசி, பாய், போர்வை வந்தன. பின்னாலேயே மனசைத் தேற்றுகிற திட்டங்களும் வந்தன. ஏட்டில் அதற்கு உளசமூகத் திட்டம் என்று பெயர். அப்படி ஒன்றில் வேலை பார்த்தவன் நான்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் 'மனநல ஆலோசனை முகாம்' என்று பேனர் கட்டினோம். நேரம் மாலை நான்கு மணி. ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் டீ, வடைக்காக வந்த தாத்தாக்கள். மறுநாள் ஒரு அக்காவிடம் கேட்டேன். "அந்நேரம் கடையில பீடி கொடுக்கப் போகணும்லா தம்பி. அது போக, கோட்டிக்காரங்களுக்கு வைக்கிற முகாமுக்கு நாங்க எதுக்கு வரணும்?" என்றார். கோட்டி என்றால் நம் பக்கத்தில் பைத்தியம். நேரமும் தப்பு, பேரும் தப்பு. ஆனால் எங்கள் அறிக்கையில் 'முகாம் நடத்தப்பட்டது' என்று போட்டோவோடு ஏறிவிட்டது!

இந்த வேலையில் உள்ள பெரிய வியாதி இதுதான். நாம் என்ன செய்தோம் என்பதை எண்ணுகிறோம். அவர்களுக்கு என்ன மாறியது என்பதைக் கேட்பதில்லை. திட்டம் முடிகிற மாதத்தில் அவசரமாகக் கேட்டாலும் பயனில்லை, தொடக்கத்தில் எப்படி இருந்தார்கள் என்ற குறிப்பே நம் கையில் இருக்காது.

சரி, முதலிலிருந்து தொடங்குவோம் என்று, பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்திருந்த பெண்களோடு போய் உட்கார்ந்தோம். "பழையபடி ஆயிட்டோம்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?" என்று கேட்டோம். ராத்திரி மழை இரைந்தாலும் பிள்ளைகள் முழிக்காமல் தூங்க வேண்டும் என்றார்கள். படித்துறைக்குக் குளிக்கப் போக வேண்டும் என்றார்கள். வெள்ளத்துக்குப் பிறகு யாரும் ஆற்றுப் பக்கமே போகவில்லையாம். ஒரு பாட்டி, நனைந்துபோன வீட்டுப் பத்திரத்துக்கு நகல் வேண்டும் என்றார். அதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். பேரிடர்க் கால மனநல உதவிக்கு 2007இல் வந்த சர்வதேச வழிகாட்டி நான்கு அடுக்கு சொல்கிறது. அடியில் இருப்பது உணவு, இருப்பிடம், பாதுகாப்பு. மருத்துவர் பார்க்க வேண்டியவர்கள் உச்சியில் உள்ள சிலர்தான். வீட்டுப் பத்திரமும் அந்த அடி அடுக்கில்தான் சேரும். எனவே முதல் மாதம் பாதி நாள் தாலுகா ஆபீசில்தான் கழிந்தது.

'முன்போல ஆயிரம் பீடி சுற்றணும்' என்ற பதிலும் வந்தது. எண்ணுவதற்குச் சுலபம் என்று எனக்கு ஆசைதான். ஆனால் கடையில் இலை குறைவாகக் கொடுத்தால் பீடி குறையும். மனசு தேறியதா என்பதை அது காட்டாது. அதை விட்டுவிட்டோம்.

கேள்வித்தாளும் வைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள்: கடந்த இரண்டு வாரம் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும், மொத்த மதிப்பெண் 25, ஏற ஏற மனம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தூங்கி எழும்போது புத்துணர்வாக இருந்ததா என்று அதில் ஒரு கேள்வி. "புத்துணர்வுன்னா?" என்று திருப்பிக் கேட்டார்கள். 'அலுப்பில்லாம எந்திச்சீங்களா' என்று மாற்றி, நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஊருக்குள் கொண்டுபோனோம். கேள்வி கேட்டால் அழுகை வரும், அதையும் யோசித்து வைக்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆளும், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் கைவசம் இல்லாமல் கேள்வித்தாளைத் தொடக் கூடாது என்பது என் கட்சி.

அப்புறம், காலம். வெள்ளம் கண்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமாகவே தேறுவார்கள். அந்தத் தேறுதலையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வது சுலபம். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் வேலை தொடங்காத பக்கத்து ஊரிலும் அதே கேள்விகளைக் கேட்டோம். இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் வேலை செய்ய ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்து அங்கேயும் தொடங்குவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

  

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு ஊரிலும் மதிப்பெண் ஏறியிருந்தது. நாங்கள் வேலை செய்த ஊரில் கொஞ்சம்தான் கூடுதல். படித்துறைக்கு மட்டும் நாங்கள் வேலை செய்த ஊர்ப் பெண்கள் கூட்டமாகப் போகத் தொடங்கியிருந்தார்கள். அறிக்கையில் அப்படியே எழுதினோம். பணம் கொடுத்தவர்களுக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. ஊர்க் கூட்டத்தில் வாசித்தபோது அந்தப் பீடி அக்கா, "அப்பம் அந்த ஊருக்கு எப்பம் போறீங்க?" என்றார். அடுத்த வாரமே போனோம், இந்தத் தடவை பேனர் இல்லாமல்.

நன்றி, வணக்கம்.