தாராபுக்கோ: திருவிழாவும் நகராட்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பொலிவியாவில் சுக்ரே நகரிலிருந்து 65 கிலோமீட்டர் போனால் தாராபுக்கோ. 3,200 மீட்டருக்கும் மேலே, ஆண்டிஸ் மலையில் இருக்கிற ஊர். சுற்றிலும் கெச்சுவா பேசும் யம்பாரா மக்களின் சிற்றூர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் அங்கே கிடைக்கும் நெசவுத் துணிக்கும்தான் வெளிநாட்டார் வருகிறார்கள்.

மார்ச் மாதத்தில் புஹ்லாய் திருவிழா. 1816 மார்ச் 12இல் ஹும்பாத்தே என்ற இடத்தில் ஸ்பானியப் படையை இந்த மக்கள் முறியடித்தார்கள். அதில் இறந்தவர்களுக்கான நினைவுவிழா இது. மரக்கம்புகளை ஏணி போல உயரமாகக் கட்டி, அதில் ரொட்டி, பழம், காய்கறி, மதுப்புட்டி, இறைச்சி வரைக்கும் தொங்க விடுவார்கள். இறந்தவர்களுக்கான படையல் அது. பேர் புக்காரா. ஆண்கள் தலையில் ஸ்பானிய வீரனின் இரும்புத் தொப்பியைப் போன்ற தோல் தொப்பி. காலில் கனத்த மரச் செருப்பு, அதில் பெரிய உலோக முள்சக்கரங்கள். புக்காராவைச் சுற்றி அவர்கள் ஆடும்போது அந்தச் சக்கரங்களே தாளம் போட்டுவிடும். தோற்றவனின் தொப்பியை அணிந்து ஆடுவதில் ஒரு குறும்பும் இருப்பதாக எனக்குப் படுகிறது. 2014இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சரி, விழா முடிந்த மறுநாள் இந்த ஊர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்ட, தண்ணீர்க் குழாய் போட யார் பணம் தருவது? எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

1994 வரை பொலிவியாவில் நகராட்சி என்றால் டவுனோடு சரி. எல்லைக்கு வெளியே உழுது பிழைப்பவருக்கு அதில் பங்கே இல்லை. நகராட்சிப் பணத்தில் பெரும்பகுதியும் லா பாஸ், கோச்சபாம்பா, சாந்தா குரூஸ் என்ற மூன்று பெருநகரங்களுக்கே போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த மக்கள் பங்கேற்புச் சட்டம் நாட்டை 311 நகராட்சிகளாகப் பிரித்து, கிராமங்களையும் உள்ளே கொண்டுவந்தது. தேசிய வரி வருவாயில் 20 சதவீதம் தலைக்கணக்குப்படி நகராட்சிகளுக்கு என்றானது. செலவைத் தட்டிக்கேட்க ஊர்க்காரர்களைக் கொண்ட கண்காணிப்புக் குழுவும் அமைந்தது. காகிதமெல்லாம் ஸ்பானியத்தில் இருக்கும்போது கெச்சுவா மட்டும் தெரிந்தவர் எதைக் கண்காணிப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வி கேட்க ஓர் அலுவலகமாவது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

அப்புறம் 2009. புதிய அரசியலமைப்பு, பழங்குடிகள் தங்கள் வழக்கப்படியே ஆட்சி நடத்தலாம் என்றது. டிசம்பரில் 12 நகராட்சிகள் வாக்களித்தன. 11 சம்மதித்தன, தாராபுக்கோவும் அதில் ஒன்று. வாக்களித்ததோடு வேலை முடியவில்லை. ஆட்சி எப்படி நடக்கும் என்று சாசனம் எழுத வேண்டும், அதற்கு எல்லாரும் இசைய வேண்டும். அந்த வழியில் முதலில் ஆட்சி அமைத்தது குவாரானி என்ற பழங்குடி மக்களின் சராகுவா நகராட்சி, அதுவும் 2017இல்தான். தாராபுக்கோ அதற்குள் முடிக்கவில்லை. டவுன்காரர், விவசாயச் சங்கத்தார், பழைய குலமரபுத் தலைவர்கள் என்று பல தரப்பு இருக்கிற இடத்தில் ஒரே வழக்கம் எது என்று எழுதி முடிப்பது லேசான காரியமா என்ன!